அரைக் கிலோ இறைச்சியும் சந்தையில மலிஞ்ச மரக்கறியும்: ஐந்து பேருக்கு எப்படிச் சமாளிக்கிறீங்கள்?

#1 கடற்கரைக்காரி (உப்புவெளி)

எல்லாருக்கும் வணக்கம். வாடைக்காற்று தொடங்கினதும் எங்கட பக்கம் மீன் வாங்குறது பெரும்பாடாப் போச்சு. வள்ளம் இறங்குறது குறைவு, வாற கொஞ்சமும் கரையிலயே நல்ல விலைக்குப் போயிடுது. அதால இந்த மாதங்களில எங்களுக்குக் கோழிதான். வீட்டில மாமி, நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். அரைக் கிலோ வாங்கினால் ஒரு நேரத்தோட முடிஞ்சிடும்.

சந்தைக்குப் போனால் எது மலிவோ அதைத்தான் வாங்கிக்கொண்டு வருவன். பூசணிக்காய், பயித்தங்காய், கத்தரிக்காய், சிலநேரம் மரவள்ளி. பிறகு இணையத்தில குறிப்புத் தேடினால் கரட், லீக்ஸ், குடமிளகாய், பட்டர் எண்டு வரும். அதுகளை வாங்கினால் கோழிக்காசை விடக் கூட. இருக்கிற மரக்கறியை இறைச்சியோட சேர்த்து, குறிப்பில்லாமல் கைப்பதத்தில சமைக்கிற ஆக்கள் சொல்லித்தாங்கோ. வெள்ளிக்கிழமை சைவம், மாடு சாப்பிடுறேல்ல. காஸ் அடுப்பும் பிரஷர் குக்கரும் இருக்கு.

#2 அம்மம்மா குசினி (பாலையூற்று)

பிள்ளை, எலும்பில்லாத இறைச்சி வாங்காதேங்கோ. நெஞ்சுத் துண்டு பார்க்க நல்லாத்தான் இருக்கும், குழம்புக்கு ஒண்டும் தராது. கழுத்து, முதுகு, கால், செட்டை எண்டு எலும்போட வாங்குங்கோ. கடையிலயே குட்டித் துண்டா வெட்டித் தரச் சொல்லுங்கோ. சின்னத் துண்டில தூள் உள்ள இறங்கும், ஆளுக்கு நாலு துண்டு கோப்பையில விழும். பிள்ளைகள் எண்ணித்தான் பார்க்குங்கள்.

அரைக் கிலோ கோழிக்கு நான் முக்கால் கிலோ மட்டில மரக்கறி போடுவன். கோழியில உப்பு, மஞ்சள், கறித்தூள் பிரட்டி வைச்சிட்டு வெங்காயம் உரிக்கப் போனால், அது ஊற நேரம் சரியா வரும். சட்டியில தேங்காய் எண்ணெய் கொஞ்சம், கடுகு, வெந்தயம், பெருஞ்சீரகம், வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ரம்பை. வெங்காயம் நிறம் மாறினதும் உள்ளி, இஞ்சி. பிறகு கோழி. இப்ப தண்ணி விடக் கூடாது. மூடி, நெருப்பைக் குறைச்சு விடுங்கோ. இறைச்சி தன்ர தண்ணியை விட்டு, அதிலயே வெந்து, அந்தத் தண்ணி வத்தும். வத்தி வரேக்க சட்டி ஓரத்தில எண்ணெய் பிரிஞ்சு சின்னக் குமிழா வெடிக்கும், பச்சைத்தூள் மணம் போய் வறுத்த மணம் வரும். அந்த மணம் வரும் மட்டும் அவசரப்படாதேங்கோ. கறியின்ர ருசி முழுக்க அந்த இடத்திலதான் இருக்கு.

அதுக்குப் பிறகு இரண்டாம் பாலோ வெறும் தண்ணியோ விட்டு மரக்கறியைப் போடுங்கோ. உருளைக்கிழங்கு, வாழைக்காய், பிஞ்சுப்பலா எண்டால் உடன போடலாம். முருங்கைக்காய் கொஞ்சம் பிந்தி. பூசணி கடைசியில, தோலோட பெரிய துண்டா. முதற்பால் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கி, சூடு கொஞ்சம் ஆறத் தேசிக்காய்ப் புளி.

தேங்காய் விக்கிற விலையில ஒரு தேங்காய் முழுக்கப் பிழியத் தேவையில்லை, பாதி காணும். பிழிஞ்ச பூவை எறியாமல் முருங்கையிலை வறைக்குப் போடுங்கோ.

#3 சீனன்குடாக்காரன்

அம்மா சொன்ன எண்ணெய் பிரியிற கதை நூற்றுக்கு நூறு சரி. ஆனால் மரக்கறியை உள்ளுக்குப் போடுறதில எனக்கு உடன்பாடில்லை. உருளைக்கிழங்கு மட்டும் போடலாம். பூசணி போட்டால் குழம்பு இனிச்சுப் போகும், கத்தரி போட்டால் கறுக்கும், பயித்தங்காய் இறைச்சியோட ஒட்டாமல் தனியா நிக்கும். மரக்கறி போட்ட கறி அடுத்த நாளைக்குத் தாங்காது எண்டது இன்னொண்டு.

என்ர வழி வேற. இறைச்சியைக் குழம்பாத் தனிய வைக்கிறது, கொஞ்சம் தண்ணியா, உறைப்பா. மரக்கறியைப் பால்கறியாவோ வறையாவோ பக்கத்தில. ஒரு துண்டு இறைச்சியும் இரண்டு அகப்பைக் குழம்பும் இருந்தால் சோறு இறங்கும், வயிறு மரக்கறியால நிறையும். 2022 செப்டெம்பரில கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் எண்டு வந்ததே, அதுக்கு முந்தின வருசம் வாங்கின அதே சாமானுக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்புக் காசு குடுத்த காலம், அப்ப எங்கட வீட்டில இப்படித்தான் ஓடினது. இறைச்சியின்ர அளவு குறைஞ்சது, குழம்பின்ர ருசி குறையவிடேல்ல.

#4 நிலாவெளி அடுப்படி

ஹோட்டல் குசினியில வேலை. சீனன்குடா அண்ணா சொல்ற குறை எல்லாம் உண்மை. ஆனால் அதுக்கெல்லாம் காரணம் போடுற விதம்தான், மரக்கறியில பிழையில்லை.

பூசணி இனிக்கும். அப்ப பூசணி போடுற நாளில மிளகும் பெருஞ்சீரகமும் வறுத்து இடிச்சுக் கடைசியில தூவுங்கோ, தேசிக்காயும் கொஞ்சம் கூட. இனிப்பும் உறைப்பும் சேர்ந்து அது தனி ருசி. கத்தரிக்காயைப் பச்சையாப் போட்டால்தான் கரைஞ்சு கறுக்கும். உப்பும் மஞ்சளும் தடவி, தட்டைச் சட்டியில கொஞ்ச எண்ணெயில இரண்டு பக்கமும் சிவக்க விட்டு, இறக்கிறதுக்கு முதல் போட்டால் முழுசா நிக்கும், குழம்பையும் உறிஞ்சும். நான் கோழித்தோலை முதலில சட்டியில உருக்கி, அந்தக் கொழுப்பிலயே கத்தரியைச் சிவக்க விடுறன். எண்ணெய்ச் செலவும் மிச்சம், கத்தரிக்காயில கோழி மணமும் ஏறும்.

பயித்தங்காயை இறைச்சிக்குள்ள போடாதேங்கோ, அதில நான் அண்ணாவோடதான். அதை விரலளவு வெட்டி, கோழிக் குழம்பில இரண்டு அகப்பை எடுத்து, வேற சட்டியில அந்தக் குழம்போட பிரட்டி எடுங்கோ. இரண்டாவது கறி தயார், தூள் செலவில்லை.

புளியும் தக்காளியும் முந்திப் போட்டால் கிழங்கும் பருப்பும் வேக இழுத்தடிக்கும், காஸ்தான் வீண். கிழங்கு வெந்த பிறகு புளி.

அடுத்த நாளைக்கு வைக்கிறது எண்டால், தேங்காய்ப்பால் விடுறதுக்கு முதலே நாளைக்குரிய பங்கை எடுத்து, ஆறவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில வையுங்கோ. பழுதாப் போறதில முதல் குற்றவாளி பால்தான், மரக்கறி பிறகு.

#5 கிண்ணியா ராத்தா

நல்ல இழை. தங்கச்சி மாடு சாப்பிட மாட்டீங்கண்டு எழுதியிருக்கீங்க. வாசிக்கிற மத்தவங்களுக்காக எழுதுறன், இதையே நீங்க ஆட்டெலும்பில செய்யலாம்.

எங்கட வீட்டில உம்மா காலத்திலருந்து மாட்டெலும்பும் பருப்பும்தான் கை கொடுக்கிறது. இறைச்சிக் கடையில எலும்பு குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும், ஒட்டின சதையோட பார்த்து வாங்கணும். குக்கரில எலும்பு, உப்பு, மஞ்சள், ஒரு கறுவாத் துண்டு, ஏலம், நிறையத் தண்ணி. விசில் வந்ததும் நெருப்பைக் குறைச்சு நல்லா நேரம் விடணும். திறந்து பார்த்தா சவ்வெல்லாம் கரைஞ்சு தண்ணி விரலில ஒட்டும். அந்தத் தண்ணியில கால் கிலோ மைசூர்ப் பருப்பு, பூசணி இல்லாட்டிப் பீர்க்கங்காய், பச்சைமிளகாய், வெங்காயம். பருப்பு கரைஞ்சு கட்டியானதும் உள்ளியும் செத்தல் மிளகாயும் தாளிச்சுக் கொட்டுவம். எட்டுப் பேர் சாப்பிடுவாங்க. ரொட்டிக்கும் சரி, சோத்துக்கும் சரி.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு குர்பான் இறைச்சி வீடு வீடா வரும். அத ஒரேயடியா ஆக்கித் தீர்க்கிற வீடும் இருக்கு. நாங்க செய்றது, ஒரு பங்கை உப்பும் மஞ்சளும் போட்டு அவிச்சு வைக்கிறது, இன்னொரு பங்கை மெல்லிசா வெட்டி உப்புப் பிரட்டி நல்ல வெயிலில காய வைக்கிறது. காஞ்ச இறைச்சி ஒரு பிடி போதும், வாழைக்காய்க் கறிக்கோ மரவள்ளிக்கோ போட்டா முழுச் சட்டியும் மணக்கும்.

முத்தின இறைச்சியா இருந்தா பப்பாசிக்காய் ஒரு துண்டைத் தோலோட அரைச்சுப் பிரட்டி அரை மணித்தியாலம் வைங்க. அதில பப்பெயின் எண்ட நொதியம் இருக்கு, அது சதையை இளக்கும். கூட நேரம் வச்சா மாவாப் போயிடும், கவனம்.

பாபத் (மாட்டு இரைப்பை) பத்தி யாரும் எழுதல்ல. சுத்தம் பண்றதுக்குப் பொறுமை வேணும், ஆனா மலிவு. கொதிதண்ணி ஊத்திச் சுரண்டி, உப்பும் தேசிக்காயும் போட்டுத் தேச்சுக் கழுவி, குக்கரில அவிச்சு, பிறகு உருளைக்கிழங்கோட பிரட்டலாக்கினா இறைச்சியக் கேக்க மாட்டாங்க.

#6 கடற்கரைக்காரி

ராத்தா, ஆட்டெலும்பில பருப்பு கட்டாயம் செய்து பார்ப்பன். மாமிக்குப் பல்லில்லை, அவவுக்கு அது நல்லம்.

அம்மம்மா, உங்கட முறையில இண்டைக்கு முதுகுத் துண்டும் வாழைக்காயும் வைச்சன். தண்ணி விடாமல் மூடி வைக்கேக்க அடிப்பிடிக்குமோ எண்டு யோசிச்சன், ஆனால் அவ்வளவு தண்ணி கோழிக்குள்ளயே இருந்திருக்கு! எண்ணெய் பிரிஞ்சாப் பிறகுதான் வாழைக்காய் போட்டன். மத்தியானமும் இரவும் ஓடிச்சு.

இன்னொரு கேள்வி. சந்தையில முட்டைக் கோழி எண்டு விக்கிறாங்கள், புரொயிலரை விட மலிவு. வாங்கலாமோ?

#7 தம்பலகாமத்தான்

தங்கச்சி, தாராளமா வாங்குங்கோ. முட்டை இட்டு முடிஞ்ச லேயர் கோழிதான் அது. வயசான கோழி, சதை இறுக்கம். சாதாரணச் சட்டியில வைச்சால் காஸ் முடியும், கோழி வேகாது. உங்களிட்டக் குக்கர் இருக்கு, பிறகென்ன. வெளிக் காற்றழுத்தத்தில தண்ணி 100 பாகையில கொதிக்கும், குக்கருக்குள்ள 120 பாகை மட்டுக்கும் போகும், அதாலதான் இறுகின சதையும் கெதியில இளகுது. முதலில உப்பு மஞ்சளோட குக்கரில அவிச்சு எடுத்து, பிறகு அம்மம்மா சொன்ன மாதிரிச் சட்டியில பிரட்டுங்கோ. அவிச்ச தண்ணியை ஊத்திப்போடாதேங்கோ, மேல மஞ்சளா மிதக்கிற கொழுப்போட அது நாட்டுக்கோழி ரசத்துக்கு ஈடு. புரொயிலரில இந்தச் சாறு வராது.

மரக்கறி வாங்குறதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா நுவரெலியாப் பக்கத்தால தம்புள்ளைக்கு வந்து அங்கயிருந்துதான் எங்கட ஊருக்கு வருது. மலைநாட்டில மழை கொட்டினால் இஞ்ச விலை ஏறும். கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்துக் கத்தரி, வெண்டி, பயித்தை, பூசணி, கெக்கரி, பீர்க்கு இதுகளுக்கு அந்த லொறிச் செலவில்லை. ஆடம்பரக் குறிப்பில கரட் எண்டிருந்தால் நீங்கள் பூசணி எண்டு வாசியுங்கோ, கோவா எண்டிருந்தால் முத்தாத பப்பாசிக்காய் எண்டு வாசியுங்கோ. பப்பாசிக்காயைச் சீவிக் கோழியோட வதக்கிப் பாருங்கோ, வித்தியாசம் தெரியாது.

மரவள்ளியை மட்டும் நேரா இறைச்சிச் சட்டிக்குள்ள போடாதேங்கோ. தோலுரிச்சு, நடு நார் எடுத்து, மூடாமல் அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்திப் போட்டுத்தான் சேர்க்கவேணும். கிழங்கில சயனைட்டு சேர்ந்த பொருள் இருக்கு, திறந்து அவிச்சால்தான் அது ஆவியோட போகும். கசக்கிற கிழங்கெண்டால் வேண்டாம். மரவள்ளியோட இஞ்சி சேர்க்கக் கூடாதெண்டு எங்கட வீட்டில சொல்லுவினம், நானும் சேர்க்கிறேல்ல.

#8 வெள்ளைச் சப்பாத்து (தாதி, திருமலை)

சமையல் சொல்ல நிறையப்பேர் இருக்கிறீங்கள், நான் சாப்பாட்டின்ர மற்றப் பக்கத்தைச் சொல்லுறன்.

சீனன்குடா அண்ணா, ஒரு துண்டும் குழம்பும் காணும் எண்டது பெரியாக்களுக்குச் சரி. வளர்ற பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் குழம்பு காணாது. குழம்பில ருசி இருக்கு, புரதம் சதையிலதான் இருக்கு. இறைச்சி குறையிற நாளில அந்த இடத்தைப் பருப்பு, முட்டை, கடலை, சோயா இதில ஏதாவது நிரப்பவேணும். காய்ஞ்ச மைசூர்ப் பருப்பு 100 கிராமில 24 கிராம் மட்டில புரதம் இருக்கு. ஒரு முட்டையில 6 கிராம். ராத்தாவின்ர எலும்புப் பருப்பு அதாலதான் எனக்குப் பிடிச்சது, பருப்பும் பூசணியும் ஒரே சட்டியில.

ஈரலை ஆரும் கவனிக்கேல்ல. கோழி ஈரல் மலிவு, இரும்புச்சத்து அள்ளிக் கிடக்கு. வெங்காயமும் கறிமிளகாயும் பெரிசா வெட்டி, மிளகு போட்டு, பத்து நிமிசத்தில பிரட்டி எடுக்கலாம். பக்கத்தில முருங்கையிலை வறை, மேல தேசிக்காய்ப் புளி. கீரையில இருக்கிற இரும்பை உடம்பு எடுக்க அந்தப் புளியில இருக்கிற விற்றமின் சி உதவும். சாப்பிட்ட கையோட பிளேன்ரீ குடிச்சால் அது தடுக்கும், ஒரு மணித்தியாலம் பொறுங்கோ. கர்ப்பிணித் தாய்மார் ஈரலை அடிக்கடி சாப்பிடக் கூடாது, அதில விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சி இருக்கு.

கடைசியா, கோழியைக் குழாய்க்குக் கீழ பிடிச்சுக் கழுவாதேங்கோ. தெறிக்கிற தண்ணியோட கிருமி தட்டு, கோப்பை, பக்கத்தில வெட்டி வைச்ச வெங்காயம் எல்லாத்துக்கும் போகும். கிருமியைக் கொல்லுறது வெப்பம். துண்டின்ர நடுவில 74 பாகை வரவேணும். வீட்டில தெர்மோமீட்டர் இல்லாட்டிலும் எலும்போரம் சிவப்பில்லாமல், தண்ணி தெளிவா வரும் மட்டும் வேகவிடுங்கோ.

#9 அம்மம்மா குசினி (பாலையூற்று)

பிள்ளை, நீங்கள் படிச்சதைச் சொல்லுறீங்கள், நான் மறுக்கேல்ல. ஆனால் கடையில வெட்டிற பலகையில என்னென்ன கிடக்கு எண்டு நானும் பார்க்கிறன். இரத்தக்கட்டு, இறகுத் துணுக்கு, எலும்புத்தூள். அதோட சட்டியில போட எனக்கு மனம் வராது. மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கழுவாத கோழியில வெடில் மணம் நிக்கும்.

#10 வெள்ளைச் சப்பாத்து (தாதி, திருமலை)

அம்மா, அப்பிடியெண்டால் குழாயைத் திறக்காமல் ஒரு பெரிய கிண்ணத்தில தண்ணி எடுத்து, அதுக்குள்ள துண்டுகளை மெதுவா அலசி எடுங்கோ. தண்ணியை மெல்லச் சாய்ச்சு ஊத்திப்போட்டு, கிண்ணம், பலகை, கத்தி, கையெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. மஞ்சளும் தேசிக்காயும் பிரட்டி வைக்கிறது நல்லம், மணம் போகும். சம்பலுக்கோ சலாட்டுக்கோ வெட்டுற மரக்கறியை மட்டும் கோழிக்கு முதலே வெட்டி மூடி வைச்சிடுங்கோ.

#11 கம்பஸ் போடிங் (கோணேசபுரி)

அக்காமார், அண்ணாமார், நாங்கள் கம்பஸ் பிள்ளைகள். அறையில ஒரு ரைஸ் குக்கரும் ஒரு சின்ன மின்னடுப்பும்தான். எங்கட வழியையும் எழுதுறன்.

சோயாமீட்டைக் கோழியோட பாதிக்குப் பாதி கலக்கிறம். காய்ஞ்ச சோயாவில பாதிக்குப் பாதி புரதம் எண்டு பக்கெற்றிலயே போட்டிருக்கு. சுடுதண்ணியில ஊறவிட்டு, இரண்டு தரம் தண்ணி மாத்தி, இறுக்கிப் பிழியவேணும். பிழியிறதில சோம்பல் பட்டால் அந்தச் சோயா மணம் கறியைக் கெடுக்கும். பிழிஞ்சதை எண்ணெயில கொஞ்சம் முறுக விட்டு, கோழியில எண்ணெய் பிரியிற நேரம் போட்டால் அது கோழிச்சாறை இழுத்துக்கொள்ளும். ஒரு காலையும் ஒரு செட்டையையும் சின்னனா வெட்டி, ஒரு பக்கெற் சோயாவோட நாலு பேர் சாப்பிடுறம்.

ரைஸ் குக்கரில ஒரே சட்டிச் சாப்பாடும் செய்யிறம். அரிசி, பிரட்டின கோழித் துண்டு, கிழங்கு, ஒரு பிடி பருப்பு, கறிவேப்பிலை, ரம்பை. கோழியை முதலே மின்னடுப்பில வதக்கித்தான் போடுவம். மரக்கறி தண்ணி விடும், அதால சோத்துக்கு வைக்கிற தண்ணியைக் கொஞ்சம் குறைக்கவேணும்.

#12 சீனன்குடாக்காரன்

தாதித் தங்கச்சி சொன்னதை எடுத்துக்கொள்ளுறன், பிள்ளைகளுக்குச் சதை போகத்தான் வேணும். எங்கட வீட்டில அந்தக் காலத்தில முட்டையும் பருப்பும் பக்கத்தில இருந்தது, அதை எழுத விட்டிட்டன்.

ஆனால் நிலாவெளித் தம்பி, பூசணி விசயத்தில என்னை இன்னும் மாத்தேல்ல. பொரிச்ச கத்தரிக்காய் மட்டும் ஒரு நாளைக்குச் செய்து பார்ப்பன். மிஞ்சின குழம்புக்கு என்ன செய்யிறீங்கள் எண்டதை எழுதுங்கோ. எங்கட வீட்டில இறைச்சி முடிஞ்சாப் பிறகும் குழம்பு கிடக்கும்.

#13 நிலாவெளி அடுப்படி

அண்ணா, அந்தக் குழம்புக்குத்தான் கொத்துப் புட்டு. காலையில அவிச்ச புட்டு ஆறிக் கிடக்கவேணும், சூட்டுப் புட்டெண்டால் களியாப் போகும். அகலச் சட்டியில வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை வதக்கி, கையில இருக்கிற மரக்கறியை நூல் மாதிரி வெட்டிப் போடுங்கோ. கோவா இல்லாட்டிப் பப்பாசிக்காய், கரட் இல்லாட்டிப் பூசணி. மெல்லிசா வெட்டினால் உங்களுக்குப் பூசணி எண்டே தெரியாது. பெரிய நெருப்பு, மூடக் கூடாது, மரக்கறி கடிபட நிக்கவேணும். ஒரு பக்கம் ஒதுக்கி முட்டை இரண்டை உடைச்சுக் கிளறி, பிறகு புட்டு, அதுக்கு மேல குழம்பு. குழம்பை முதலே வேற சட்டியில நல்லாக் கொதிக்க வைச்சிருக்கவேணும், குளிரோட ஊத்தக் கூடாது. ஒரேயடியா ஊத்தாமல் அகப்பை அகப்பையாச் சுத்தி விடுங்கோ. புட்டு உறிஞ்சுறதைப் பார்த்துத்தான் அடுத்தது. எலும்பில மிச்சம் பிடிச்சிருக்கிற சதையைக் கையால உதிர்த்து இதுக்குள்ள போட்டால் பிள்ளைகளுக்கு எலும்புப் பயமில்லை. பாண் மிஞ்சினாலும் இதே முறைதான், பிய்ச்சுப் போட்டுக் கொத்தலாம்.

இரவு குழம்பைச் சட்டியோட மேசையில விடாதேங்கோ. இரண்டு மணித்தியாலத்துக்குள்ள ஆழமில்லாத பாத்திரத்தில மாத்தி ஆறவிட்டு உள்ளுக்கு வையுங்கோ. கரண்ட் போற நாளெண்டால் நாளைக்கெண்டு வைக்காமல் அண்டைக்கே கொத்தி முடிச்சிடுங்கோ.

#14 கடற்கரைக்காரி

நன்றி அண்ணா. நாளைக்கு வெள்ளி, சைவம். சனி காலையில முட்டைக் கோழி ஒண்டு வாங்கப் போறன். அவிச்ச சாறு மாமிக்கு, சதை பிஞ்சுப்பலாவோட பிரட்டல், மிஞ்சிற குழம்பு ஞாயிறு புட்டுக்கு. ராத்தா, பிஞ்சுப்பலா வெட்டேக்க பால் ஒட்டாமல் இருக்க என்ன செய்யிறனீங்கள்?

#15 கிண்ணியா ராத்தா

கையிலயும் கத்தியிலயும் தேங்காய் எண்ணெய் தடவிட்டு வெட்டுங்க. வெட்டின துண்டை உடன மஞ்சள் தண்ணியில போடுங்க, கறுக்காது. குக்கரில வேற வேற நேரம் வைங்க, கோழிக்கு இருக்கிற நேரம் பலாவுக்கு இருந்தா கரைஞ்சிடும்.